பிரிக் லேன் மூலைக் கட்டடம்

லண்டன் பிரிக் லேனின் ஒரு மூலையில் நிற்கும் செங்கல் கட்டடத்தை, பிரான்சில் மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்து அப்பகுதியில் பட்டு நெசவில் காலூன்றிய ஹியூகனாட் கிறித்தவர்கள் 1743-இல் தங்கள் தேவாலயமாக எழுப்பினார்கள். சுவரின் உச்சியில் அவர்கள் பதித்த சூரியக் கடிகாரத்தில், 'நாம் நிழல்கள்' என்று பொருள்படும் 'உம்ப்ரா சூமுஸ்' என்ற இலத்தீன் தொடர் இன்றும் இருக்கிறது. பின்னால் வந்த எவரும் அதை அகற்றவில்லை என்பதே இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. 1819-இல் மெதடிஸ்டுகள் என்ற மற்றொரு கிறித்தவப் பிரிவினர் அங்கே வந்தார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள் 1898-இல் அதைத் தங்கள் ஜெப ஆலயமாக்கினார்கள். அவர்கள் மெல்ல நகரின் பிற பகுதிகளுக்குக் குடிபெயர, அவர்களுக்குப் பின் அங்கே பெருகிய வங்கதேசத்தவர், குறிப்பாகச் சில்ஹெட் பகுதியினர், 1976-இல் அதைப் பள்ளிவாசலாகத் திறந்தார்கள். ஆலயம் கைமாறியது என்பதைவிட, கட்டடம் அசையாதிருக்கத் தெருதான் மாறிக்கொண்டே வந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வாசலருகே மினார் போல் உயர்ந்து நிற்கும் எஃகுத் தூண் அண்மைக் காலச் சேர்க்கை.