மீன் கருவிலிருந்து நோயாளியின் அறிக்கைக்கு

ஆறு வருடம் வரிக்குதிரை மீனின் கருவில் ரத்தக்குழாய் முளைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். கண்ணாடி மாதிரி கரு. ஒரு நாள் தாண்டியதுமே ரத்தம் ஓடுவது நுண்ணோக்கியில் தெரியும். அந்த அழகை விட்டுவிட்டு மருத்துவ மரபணு ஆய்வகப் பயிற்சிக்கு வந்து நான்கு மாதம்.

வந்ததும் ஒரு குட்டு வாங்கினேன். எண்டோக்ளின் மரபணு எனக்குப் பழைய சிநேகம். அது பழுதானால் நடுவில் நுண்குழாய்களே இல்லாமல் தமனியும் சிரையும் நேரடியாக ஒட்டிக்கொள்ளும். மூக்கில் அடிக்கடி ரத்தம் வடியும். ஒரு நோயாளியின் மாதிரியில் அதே மரபணுவில் ஒரு டி.என்.ஏ. எழுத்து மாறியிருந்தது. (விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) "இதுதான் காரணம்!" என்று துள்ளினேன்.

"சரி, ஆதாரம்?" என்றார் மேற்பார்வையாளர்.

மரபணு மாற்றங்களை வகைப்படுத்தும் 2015 வழிகாட்டுதலில் ஐந்து படிகள். 'நோய் உண்டாக்கும்' என்பது ஒரு முனை, 'தீங்கற்றது' மறுமுனை. இரண்டு நாள் தேடியும் நடுப்படியைத் தாண்ட முடியவில்லை: 'முக்கியத்துவம் தெளிவாகாத மாற்றம்'. ஆய்வுக் கட்டுரையில் 'இருக்கலாம்' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவன். இங்கே அந்தச் சொல்லை நம்பி ஒரு குடும்பமே பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும்.

அடுத்து அந்த நோயாளியின் அம்மாவின் மாதிரி வருகிறது. அவருக்கும் மூக்கில் ரத்தம் வடியுமா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.