அஷ்டமியில் கயாக் விடலாம்

ஜூன் விடுமுறையில் எங்கள் இளையர் அமைப்பு நடத்தும் தங்கும் முகாமில் கடற்கரைப் பொறுப்பை என் தலையில் கட்டியதற்கு ஒரே காரணம், பாலிடெக்னிக்கில் படித்தபோது நான் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு) குழுவில் இருந்தேன் என்பதுதான். "நீதான் எந்நேரமும் தண்ணியிலேயே கிடந்த பொண்ணாச்சே" என்றார் செயலாளர் அக்கா. கூட்டக் குறிப்பில் என் பெயர் ஏறிவிட்டது. உயர்நிலை 1 முதல் 3 வரை படிக்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், சிங்கப்பூரின் சாங்கிப் பக்கம் ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி ஒரு முகாம், தினமும் கயாக், கடைசி நாள் தெப்பப் போட்டி. கேட்க ஜாலியாகத்தான் இருந்தது. தண்ணீரில் கால் வைப்பதற்கு முன் எவ்வளவு வேலை கிடக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. அடுத்து எந்தத் தம்பி, தங்கை தலையில் இது விழப்போகிறதோ, அவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

என் கைக்கு வந்தபோதே தேதியும் நேர அட்டவணையும் தயாராக இருந்தன. முகாம் இடம் எப்போது காலியோ அதுதான் தேதி. மூன்றரைக்குத் தேநீர், நான்கு மணிக்குக் கயாக், எல்லா நாளும். நான் கடல் ஏற்றவற்ற அட்டவணையைத் திறந்து பார்த்தேன். இங்கே பொதுவாக ஒரு நாளில் கடல் இருமுறை ஏறும், இருமுறை வற்றும். அந்த நேரம் தினமும் நகர்ந்துகொண்டே போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஏறக்குறைய 3 மீட்டர் வரை வித்தியாசம் வரும். அவ்வளவு தண்ணீரும் ஆறு மணி நேரத்துக்குள் சாங்கிக்கும் புலாவ் உபின் தீவுக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாகப் போயாக வேண்டும். துடுப்புப் பிடித்தே பழகாத பிள்ளையை அந்த ஓட்டத்தில் இறக்கினால், அது எந்தப் பக்கம் துழாவினாலும் போவது கடல் இழுக்கும் பக்கம்தான். கடல் நன்றாக வற்றிவிட்டால் இன்னொரு தொல்லை. கரையோரம் சேறு வெளியே வந்துவிடும். கயாக்கைத் தூக்கிக்கொண்டு அதில் நடக்க வேண்டும், சிப்பி காலைக் கிழிக்கும்.

நான் வண்ண வண்ணமாக வரைபடம் போட்டுக் காட்டினேன். செயற்குழு கொட்டாவி விட்டது. கடைசியில் உதவியது பொருளாளர் அங்கிள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த தினசரி நாட்காட்டி. முகாமின் நட்ட நடுவில் பௌர்ணமி. "பௌர்ணமிக்குக் கடல் பொங்கும்னு எங்க தாத்தா சொல்வாரும்மா" என்று அவரே ஆரம்பித்தார். அப்புறம் வேலை சுலபமாகிவிட்டது. அரை நிலா நாட்களில் சூரியனும் நிலவும் ஆளுக்கொரு திசையில் இழுப்பதால் ஏற்றவற்றம் சிறுத்துவிடும். அதற்கு ஓரிரு நாள் கழித்துத்தான் மிகவும் குறையும். அதாவது அஷ்டமி, நவமி, தசமி. "அஷ்டமி நவமியில யாராச்சும் நல்ல காரியம் ஆரம்பிப்பாங்களா?" என்று கேட்டார். "முகாம் சப்தமியில ஆரம்பிக்கட்டும் அங்கிள், கயாக்கை மட்டும் அஷ்டமியில விடுவோம்" என்றேன். சிரித்துவிட்டார். ஒரு வாரம் தள்ளி இடம் கிடைத்தது. கயாக் நேரமும் ஒவ்வொரு நாளும் ஏற்றத்தைப் பார்த்து மாறியது. சமையல் பொறுப்பில் இருந்தவர்களுக்கு என்மேல் கொஞ்சம் கோபம்தான். தேநீர் நேரம் தினமும் ஆட்டம் கண்டதே!

மாற்று இடம் ஒன்றும் கையில் வேண்டும் என்று நான் அடம்பிடித்ததற்குக் காரணம் உண்டு. 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று எரிபொருள் கப்பல்மீது மோதி எண்ணெய் கசிந்தது. ஈஸ்ட் கோஸ்ட், செந்தோசா, தென்தீவுகள் என்று கடற்கரைகள் வரிசையாக மூடப்பட்டன. அதுவும் பள்ளி விடுமுறை நேரம்தான். கடலை நம்பி மட்டும் திட்டம் போட்டவர்கள் அந்த வாரம் என்ன செய்திருப்பார்கள் என்று அப்போதே யோசித்தேன். அதனால் நீர்த்தேக்கம் ஒன்றில் கயாக்குக்கு விசாரித்து வைத்தோம். அங்கே நீந்தக் கூடாது, கயாக் விடலாம். நமக்கு அது போதும்.

அடுத்தது பெற்றோர் நிரப்பித் தரும் படிவம். "நீச்சல் தெரியுமா?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் "ஆம்" என்றே வந்தது. பொய்யில்லை. 2010இல் தொடங்கிய ஸ்விம்சேஃபர் என்ற நீச்சல், நீர்ப் பாதுகாப்புத் திட்டத்தில் தொடக்கப் பள்ளியிலேயே பலர் ஒன்றிரண்டு நிலை தாண்டியவர்கள். ஆனால் பத்து வயதில் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு நீந்தியது வேறு, பதினான்கு வயதில் டீ-சட்டையும் டிராக் பேன்ட்டுமாகக் கடலில் விழுவது வேறு. ஒரு சனிக்கிழமை எல்லாரையும் பொது நீச்சல் குளத்துக்கு வரச் சொல்லி, அதே உடையில் குதித்து 50 மீட்டர் நீந்தி, இரண்டு நிமிடம் மிதக்கச் சொன்னோம். முடியாதவர்களை ஒதுக்கவில்லை. பயிற்றுநரோடு இரட்டைக் கயாக், அவ்வளவுதான். யாருக்கு எந்தக் கயாக் என்பது அன்றே முடிவாகிவிட்டதால் முகாமில் யாரும் வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை.

படிவத்தில் வராத விஷயம் இரவு பத்தரைக்குத் தொலைபேசியில் வந்தது. ஒரு அம்மா. பையனுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்திருக்கிறது, இப்போதும் மாத்திரை போடுகிறான், எழுதினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், நம்ம ஆட்கள் வாய் சும்மா இருக்காது என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. நானும் அதே ஆட்களுக்கு நடுவில்தான் வளர்ந்தேன். ஆனால் தண்ணீரில் வலிப்பு வந்தால் அரை நிமிடம்கூட நீண்ட நேரம். மருத்துவரிடம் கடிதம் வாங்கி வாருங்கள், எனக்கும் தலைமைப் பயிற்றுநருக்கும் தவிர யாருக்கும் தெரியாது என்றேன். ஒரு பெரியவர் கூடவே இருந்தால் கயாக் விடலாம் என்று கடிதம் வந்தது. பயிற்றுநரின் கயாக்கில் முன்னால் உட்கார்ந்து போனான். 'முன்சீட்டு வீரன்' என்று பட்டப்பெயர் வைத்ததோடு பிள்ளைகள் விட்டுவிட்டார்கள்.

அப்புறம் தங்கச் சங்கிலி. இதைச் சொல்லாமல் விட முடியாது. எவ்வளவு தெளிவாக எழுதி அனுப்பினாலும் நம் பிள்ளைகள் கழுத்தில் சங்கிலியோடுதான் வருவார்கள். லைஃப் ஜாக்கெட் வாரில் சிக்கி அறுந்தால் கடலுக்குத்தான் காணிக்கை. ஒரு பிஸ்கட் டப்பா, பெயரெழுதிய உறைகள், பூட்டு; முடிந்தது. மாதவிலக்கு நாட்களில் தண்ணீரில் இறங்க விரும்பாத பெண் பிள்ளைகளிடம் காரணம் கேட்பதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். "அக்கா, இன்னைக்கு நான் பலகை" என்றால் சரி, அன்று அவள் கரையில் எண்ணிக்கைப் பலகையைப் பார்த்துக்கொள்வாள்.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்கிறேன். நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளருக்கு அடித்தளம் தெரியும். ஜொகூர் நீரிணையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் என் முழங்காலே எனக்குத் தெரியாது, அவ்வளவு கலங்கல். மூழ்குபவர் சினிமாவில் வருவதுபோலக் கையை ஆட்டிக் கூப்பிடுவதும் இல்லை. வாய் தண்ணீர் மட்டத்துக்கு வந்து போகும். கத்த மூச்சு இருக்காது. 20 முதல் 60 வினாடிக்குள் உள்ளே போய்விடுவார்கள். கலங்கல் தண்ணீரில் அப்படிப் போனவரைக் கண்ணால் தேடிப் பிடிக்க முடியாது. அதனால் எங்கள் முகாமில் கடலில் நீச்சலே கிடையாது, முழங்காலளவு தண்ணீருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கண்ணைவிட எண்ணிக்கையை நம்பினோம்.

பலகை என்றால் பெரிய சமாச்சாரம் இல்லை. ஒரு ஒட்டுப்பலகை, அதில் வரிசையாகக் கொக்கிகள், 'கரை', 'தண்ணீர்' என்று இரண்டு பத்திகள். எழுதுபொருள் கடையில் விற்கும் சாவித் தகடுகள் பிள்ளைக்கு ஒன்று. குளத்தில் தேறியவர்களுக்குப் பச்சை, மற்றவர்களுக்குச் சிவப்பு. பின்பக்கம் ஜோடி எண். தண்ணீருக்குப் போகும்போது தன் தகட்டைத் தானே எடுத்து மாட்ட வேண்டும், வந்ததும் தானே திருப்ப வேண்டும். நண்பனுடையதையும் சேர்த்து மாற்றினால் அன்றைக்கு இருவருக்கும் கயாக் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில். ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து துடுப்பைத் தூக்கி எண்ணைச் சொல்வார்கள், கரையில் இருப்பவர் பலகையோடு சரிபார்ப்பார்.

ஒருநாள் எல்லாரும் கரையேறிய பிறகு 'தண்ணீர்' பத்தியில் ஒரு பச்சைத் தகடு தொங்கியது. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது உயர்நிலை 2 படிக்கும் பெண். யாரிடமும் கேட்காமல் மூன்று நீண்ட விசில் ஊதிவிட்டாள். மூன்று விசில் என்றால் தண்ணீரை மூடியாயிற்று, யாரும் இறங்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் புல்தரையில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்தார்கள், பாதுகாப்புப் படகு மறுபடி கிளம்பியது, பயிற்றுநர்கள் கைகோத்து ஆழமில்லாத பகுதியில் வரிசையாக நடக்க ஆரம்பித்தார்கள், ஒருவர் தங்குமிடத்துக்கு ஓடினார். பையன் கழிவறையில் இருந்தான். மதியச் சம்பல் வேலையைக் காட்டியிருந்தது. பலகைப் பக்கமே வராமல் நேராக ஓடியிருக்கிறான். "பாத்ரூம்ல இருந்த பையனுக்காகவா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. எல்லார் முன்னாலும் அவளுக்குக் கைதட்டச் சொன்னேன். அவள் செய்ததுதான் எங்கள் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் வரி: தண்ணீரை மூட யார் வேண்டுமானாலும், எந்தப் பிள்ளை வேண்டுமானாலும் விசில் ஊதலாம், திரும்பத் திறக்க நானும் தலைமைப் பயிற்றுநரும் இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். தலைவர் உட்பட வேறு யாருக்கும் அந்த அதிகாரம் இல்லை. முகாமுக்கு முன்பே செயற்குழுவில் இதை வாசித்துக் கையெழுத்து வாங்கியிருந்தேன். அப்போது யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லைஃப் ஜாக்கெட்டுக்கு ஒரே ஒரு குறிப்பு. கொக்கிகளைப் பூட்டியபின் இரு தோள்பட்டையையும் பிடித்து மேலே இழுங்கள். காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரியது. ஒல்லியான பிள்ளைகளுக்கு 'பரவாயில்ல' என்று பெரிய அளவை மாட்டிவிடுவதுதான் எங்கும் நடக்கிறது. தண்ணீரில் ஜாக்கெட் மட்டும் மேலே வரும், பிள்ளை உள்ளே நழுவும். இழுத்துப் பார்க்காமல் ஒருவரும் கரையைத் தாண்டக் கூடாது, வரிசை எவ்வளவு நீளமானாலும் சரி.

கடைசி நாள் தெப்பப் போட்டி. மூங்கில், நீலப் பீப்பாய், கயிறு. பிள்ளைகள் முந்தின நாளெல்லாம் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். பெற்றோர் வந்தாயிற்று, சிறப்பு விருந்தினர் வந்தாயிற்று, பிரியாணி வந்தாயிற்று. ஜொகூர்ப் பக்கம் வானம் கறுத்தது. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 160 நாளுக்கும் மேல் இடி கேட்கிறது, இதில் ஆச்சரியமே இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. எண்ணினேன், 30 வரவில்லை. அதாவது 10 கிலோமீட்டருக்குள். மூன்று விசில்.

"தலைக்கு மேல வெயில் அடிக்குதேம்மா, பத்து நிமிஷத்துல முடிச்சுடலாமே" என்றார் தலைவர். அவர் நிலைமையும் சங்கடம்தான், பக்கத்திலேயே விருந்தினர். கடைசி இடி கேட்டதிலிருந்து 30 நிமிடம் பொறுக்க வேண்டும், நடுவில் இன்னொன்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து. இருபதாவது நிமிடத்தில் ஒன்று கேட்டது. பெற்றோர் வரிசையிலிருந்து ஒரு குரல், "நாங்கல்லாம் சின்ன வயசுல மழையிலயே கடல்ல கிடந்தோம்." தலைவர் என்னைப் பார்த்தார், நான் தலைமைப் பயிற்றுநரைப் பார்த்தேன், அவர் தலையை ஆட்டவில்லை. தலைவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவரே ஒலிவாங்கியைப் பிடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், இனி என் கையில் இல்லை என்று அறிவித்தார். எல்லாரும் சிரித்தார்கள். மழை கொட்டத் தொடங்கியதும் வெயிலைப் பற்றிப் பேசியவர்கள்தான் முதலில் மண்டபத்துக்குள் ஓடினார்கள்.

போட்டி நடக்கவில்லை. தெப்பங்களை மண்டபத்துக்குள் இழுத்து வந்து, யார் கட்டு உறுதி என்று நான்கு பயிற்றுநர்கள் ஏறிக் குதித்துப் பார்த்து மதிப்பெண் போட்டோம். பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான், இரண்டு பேர் அழுதார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை.

எல்லாரும் போனபிறகு ஜாக்கெட்டுகளை நல்ல தண்ணீரில் அலசி, கொக்கியில் மணல் போகத் தேய்த்து, எண்ணி ஒப்படைத்தோம். அடுத்த முகாமுக்கான திட்டத்தில் தெப்பப் போட்டியை முதல் கயாக் நாளுக்கு அடுத்த நாளே நடத்துவதாக மாற்றியிருக்கிறேன். அன்று இடி இடித்தால் இன்னும் இரண்டு நாள் கையில் இருக்கும். விருந்தினருக்குக் கடைசி நாள் பரிசளிப்பு மட்டும், மண்டபத்துக்குள். கழிவறைக்குப் போகும் வழியில் இரண்டாவது பலகை ஒன்று வைக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன், இரண்டு பலகை இருந்தால் இரண்டு எண்ணிக்கை வரும். பதிலுக்கு, கரையேறும் பாதையைக் கயிறு கட்டிக் குறுக்கி, பலகையைத் தாண்டாமல் யாரும் எங்கேயும் போக முடியாதபடி செய்யப்போகிறோம்.