ஒண்ணும் இல்ல தம்பி

“அண்ணாச்சி, எஞ்சினை மாட்டும்போது கிளட்ச் பிளேட்டுல வெயிட் ஏதும் விழுந்துச்சா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. கேபிளைப் பாரு.”

போனில் பேச்சு இவ்வளவுதான். அவன் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் ரேஸ் டிராக்கில் நின்றான், நான் பாளையங்கோட்டையில் பட்டறை வாசலில் டீ கிளாஸோடு நின்றேன். கிளட்சை முழுசாக மிதித்தாலும் கார் ஊர்கிறது, முதல் கியர் கரகரவென்று விழுகிறது என்றான். கேட்டதும் இரண்டு காரணம் மனசில் வந்தது. ஒன்றைத்தான் சொன்னேன்.

அந்த ஒன்று பொய்யும் இல்லை. ஒற்றை சீட் காரில் பெடல் முன்னால், எஞ்சினும் கியர்பாக்ஸும் முதுகுக்குப் பின்னால். அவ்வளவு தூரம் போகிற கேபிள் இழுபடத்தான் செய்யும். புது பிளேட் போட்ட பிறகு கேபிளை மறுபடி ஒரு தடவை டைட் வைக்க வேண்டியிருக்கும். யாரிடம் கேட்டாலும் முதலில் கேபிளைப் பார் என்றுதான் சொல்வார்கள். சரி, அப்புறம் ஏன் ஆறு மாதமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்?

வேலை பெரிய வேலையும் இல்லை. மாருதி 800 எஞ்சின், 796 சிசி, மூணு சிலிண்டர். முப்பது வருஷமாக கழட்டி மாட்டுகிற சாமான். அந்த எஞ்சினை வைத்துத்தான் கரிவரதன் ஒற்றை சீட் ரேஸ் கார் செய்தார். 1995ல் விமான விபத்தில் போய்விட்டார். தம்பி ஓட்டுகிற டிராக்குக்கே அவர் பெயர்தான். நான் அந்த டிராக்கைப் பார்த்ததில்லை. என்னிடம் வருவதெல்லாம் கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்து ஆம்னி வேன்கள்தான். ரேஸ் கார் ஒன்று பட்டறைக்குள் நுழைந்ததும் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எஞ்சின் கடைசியில் சுற்றுகிற ஃப்ளைவீல் சக்கரத்துப் பக்கத்து ஆயில் சீல் ஒழுகி, கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் ஏறி, கிளட்ச் வழுக்கியது. எஞ்சினை இறக்கி, சீல் மாற்றி, புது பிளேட் போட்டு, ஏற்ற வேண்டும்.

கியர்பாக்ஸோடு சேர்த்து இறக்குவதுதான் முறை. கீழே வைத்து இரண்டையும் சேர்த்துக்கொண்டு ஏற்றினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதற்கு ஆக்சில் இரண்டையும் உருவ வேண்டும், கியர் லிங்கேஜைக் கழட்ட வேண்டும், கியர் ஆயிலை வடிக்க வேண்டும். அரை நாள் போகும். கியர்பாக்ஸுக்குக் கீழே ஜாக்கியும் மரக்கட்டையும் கொடுத்து அது இருந்த இடத்திலேயே நிறுத்தி, எஞ்சினை மட்டும் எடுத்தேன். எடுக்கும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. கழட்டுவது எப்போதும் சுலபம்தான்.

பிளேட்டை சென்டர் பண்ண, கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டு பிளேட்டின் நடு ஓட்டைக்குள் போகிற தண்டு, அதாவது இன்புட் ஷாஃப்ட், பழையது ஒன்றை அறுத்து வைத்திருந்தேன். அதைப் பேட்டையில் ஒரு பட்டறைக்காரர் வாங்கிப் போயிருந்தார். கண்ணாலேயே சென்டர் பார்த்து, அதை அமுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டை முடுக்கினேன். நூறு வண்டிக்கு அப்படிச் செய்திருக்கிறேன்.

சாயங்காலம் ஏழு மணி. செயின் பிளாக்கில் எஞ்சின் தொங்குகிறது. கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பாதி பிளேட்டுக்குள் போய்விட்டது, அதற்கு மேல் போகவில்லை. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸின் முன்கூடான பெல் ஹவுசிங்குக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி. “ஒரு கண்ணி விடுல” என்றேன். பட்டறைப் பையன் விட்டான். ஒன்றா மூன்றா தெரியாது, எஞ்சின் ஒரு கட்டைவிரல் அளவு சட்டென்று இறங்கியது. ‘ணங்’ என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை, ஸ்பானர் சிமெண்ட் தரையில் விழுந்தால் வருமே, அதைவிடச் சின்னது.

அந்த நேரத்தில் எஞ்சின் கனம் முழுக்க ஷாஃப்ட் வழியாக பிளேட்டின் நடு வளையத்தில் உட்கார்ந்திருக்கும். அப்படி உட்கார்ந்தால் பிளேட் லேசாக வளையலாம். வளைந்த பிளேட் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டே இருக்கும். கிளட்சை மிதித்தாலும் விடாது, கார் ஊரும்.

வளையலாம் என்றுதான் சொல்கிறேன்.

“அண்ணாச்சி, வெளிய எடுத்து ஒரு தடவை பாத்துருவமா?” என்றான் பையன்.

“மணி என்னன்னு பாத்தியாலே?”

காலையில் ஆறு மணிக்கு டிரெய்லர் வருகிறது. மதுரை, திண்டுக்கல் தாண்டி அவன் போய்ச் சேர வேண்டும். எஞ்சினை மறுபடி மேலே தூக்கினேன், ஒரு ஆட்டு ஆட்டினேன், ஷாஃப்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. போல்ட்டெல்லாம் கையாலேயே ஏறியது. வளைந்திருந்தால் அப்படி ஏறுமா என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிளேட் வளைந்திருந்தாலும் போல்ட் ஏறும். அது எனக்குத் தெரியாததா?

பையன் மேல் தப்பு இல்லை. ஆனால் மூன்று கண்ணி விட்டது அவன்தானே என்ற நினைப்பும் போகமாட்டேன் என்கிறது. ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றியிருந்தால் செயினையே தொட வேண்டியிருக்காது. அது என் வேலை.

டிராக்கில் யாரோ கேபிளை டைட் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். தம்பி இரண்டு ரேஸையும் முடித்துவிட்டான். “அண்ணாச்சி, நீங்க சொன்னதுதான், கேபிள்தான்” என்று கூப்பிட்டுச் சொன்னான். போட்டோவும் அனுப்பினான். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கேபிளை நன்றாக இழுத்து வைத்தால் லேசாக வளைந்த பிளேட்டும் கொஞ்ச நாள் விட்டுக்கொடுக்கும் என்பது தம்பிக்குத் தெரியாது.

அவன் கேட்டது குற்றம் சொல்வதற்காக இல்லை. ஹெல்மெட்டைப் போட்டு அதற்குள் உட்காரப் போகிறவன் கேட்டான். ‘ஒரு தடவை இறங்கிச்சு தம்பி, எதுக்கும் பாத்துக்கோ’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அங்கே கழட்டிப் பார்க்க அவனிடம் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. பயத்தோடு ஓட்டியிருப்பான். அதற்கு நான் சொன்னதே மேல் என்று ஒரு நாள் தோன்றும். அடுத்த நாள், நான் அவனுக்காகச் சொல்லவில்லை, பக்கத்தில் பையன் நின்றான், அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று தோன்றும்.

போன வாரம் தம்பி கூப்பிட்டான். கியர் மறுபடி கடிக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை காரைக் கொண்டுவருகிறான்.

பையன் சோப்பு எண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தான். “கழட்டினா அந்த பிளேட்டை அவங்ககிட்ட காட்டணுமா அண்ணாச்சி?” என்று கேட்டான்.

“மொதல்ல பேட்டைக்குப் போயி அந்த ஷாஃப்டை வாங்கிட்டு வாலே” என்றேன்.