கலத்துக்குள் ஒளியும் பற்றீரியா: பரீட்சைக்கு நான் படித்த விதம்

மட்டக்களப்பில் மருத்துவம் படிக்கும் தம்பி தங்கச்சிமார் நுண்ணுயிரியல் பரீட்சை நெருங்கும்போது அதிகம் பயப்படுவது ஒரு பகுதிக்குத்தான்: கலத்துக்குள்ளேயே குடியிருக்கும் பற்றீரியாக்களை எங்கள் நிர்ப்பீடனக் கலங்கள் எப்படிச் சமாளிக்கின்றன? புரதப் பெயர்கள் குவிந்து கிடக்கும். வெறுமனே பாடமாக்கினால் இரவில் ஏறுவது காலையில் இறங்கிவிடும். எனக்குக் கைகொடுத்தது ஒரே கேள்விதான்: பற்றீரியா இப்போது கலத்தில் எந்த இடத்தில் இருக்கிறது? இடம் தெரிந்தால், அங்கே எந்த ஆயுதம் வேலை செய்யும் என்பது தானாகப் பிடிபடும்.

ஒரு தாளில் பெரிய வட்டம் கீறுங்கள். அது மக்ரோபேஜ், கிருமிகளை விழுங்கும் நிர்ப்பீடனக் கலம். உள்ளே சிறிய பை ஒன்று, பாகோசோம். விழுங்கிய பற்றீரியா முதலில் நிற்பது இங்கேதான். பையில் அமிலம் ஏறும், ஒட்சிசன் மூலிகங்கள் பாயும், கலத்தின் சமிபாட்டுப் பையான இலைசோசோம் வந்து இணைந்து நொதியங்களைக் கொட்டும். பையின் மென்சவ்விலுள்ள பம்பிகள் இரும்பையும் மங்கனீசையும் வெளியே இழுத்து பற்றீரியாவைப் பட்டினி போடும். காசக் கிருமி தப்புவது இந்த இடத்தில்தான்: இலைசோசோம் இணைய விடாது. அந்த முட்டுக்கட்டையை உடைக்க மக்ரோபேஜுக்கு வெளியிலிருந்து உதவி வேண்டும். மக்ரோபேஜ் இன்டர்லியூக்கின்-12 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்க, உதவி ரி கலம் (இன்னொரு நிர்ப்பீடனக் கலம்) இன்டர்பெரோன் காமா என்ற சமிக்ஞையைத் திருப்பி அனுப்பும். அதன்பின் அந்த மக்ரோபேஜின் கொல்லும் திறனே வேறு. உதவி ரி கலங்களை அழிக்கும் எச்.ஐ.வி. தொற்றில் காசம் ஏன் எழும்புகிறது, மக்ரோபேஜைத் தூண்டும் இன்னொரு சமிக்ஞையான ரி.என்.எஃப்.ஐத் தடுக்கும் மருந்து தொடங்குமுன் காசம் இருக்கிறதா என்று ஏன் பார்க்கிறோம் என்றெல்லாம் கேட்டால், விடை இந்தப் படத்திலேயே இருக்கிறது.

சரி, பை கிழிந்தால்? லிஸ்டீரியா என்ற பற்றீரியா லிஸ்டீரியோலைசின் என்ற நச்சால் பையைத் துளைத்துக் குழியவுருவுக்குள் வந்துவிடும். ஆனால் கிழிந்த பையே காட்டிக்கொடுக்கும். மென்சவ்வின் உட்புறத்தில் மறைந்திருந்த சர்க்கரைகள் வெளிப்பட, கலெக்டின்-8 என்ற புரதம் அவற்றில் ஒட்டும். ‘இதை அகற்று’ என்று காட்டும் யுபிகுவிட்டின் என்ற சிறு புரதக் குறி விழும். பிறகு இரட்டை மென்சவ்வு ஒன்று பற்றீரியாவைச் சுற்றி வளைத்து மீண்டும் இலைசோசோமுக்கே கொண்டுபோகும். இதுதான் ஒட்டோபாஜி. யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றது மதுவக் கலங்களில் இதன் பொறிமுறையை விளக்கியதற்காக.

கிராம் எதிர் பற்றீரியா (வெளி மென்சவ்வும் உள்ள வகை) என்றால் இன்னொரு பாதையும் சேரும். இன்டர்பெரோன் காமா தூண்டிய கலத்தில் ஜி.பி.பி. புரதங்கள் பற்றீரியாவின் மேல் படையாகப் படியும். கஸ்பேஸ்-4 என்ற நொதியம் அதன் வெளி மென்சவ்விலுள்ள லிப்போபொலிசக்கரைட்டை உணரும். காஸ்டெர்மின்-டி என்ற புரதம் கல மென்சவ்வில் துளையிடும். கலம் வெடித்துச் செத்து, ஒளிந்திருந்த கிருமியை நடுநிலைநாடிகள் என்ற வெண்குருதிக் கலங்களின் முன் தள்ளிவிடும். 2021இல் வெளியான ஆய்வொன்று, அப்போல்-3 என்ற மனிதப் புரதம் சவர்க்காரம்போல் பற்றீரியாவின் உள் மென்சவ்வைக் கரைப்பதைக் காட்டியது. எனக்கு இந்தப் பாடத்தில் ஆசை பிறந்ததே இதைப் படித்த பிறகுதான். குருதிக்கலம் மட்டுமல்ல, சாதாரண மேலணிக் கலமும் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

உதாரணத்துக்கு வெளிநாட்டு நோய்களைத் தேட வேண்டாம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களை நினையுங்கள். மழைக்காலத்தில் சேற்றில் இறங்கும் விவசாயிக்கு, அதிலும் நீரிழிவு இருந்தால், மண்ணில் வாழும் பற்றீரியாவால் உண்டாகும் மெலியோய்டோசிஸ் வரலாம். அந்தக் கிருமி பையிலிருந்து தப்பி, கலத்தின் அக்டின் புரத இழைகளாலான வால் முளைத்து, பக்கத்துக் கலங்களை ஒன்றாய் இணைய வைத்துப் பரவும். ஊசி மருந்து முடிந்த பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை தொடர்வது, மிஞ்சிய கிருமி மீண்டும் தலைதூக்காமல் இருக்கத்தான். அதே வயலில் வரும் எலிக்காய்ச்சல் கிருமியோ பெரும்பாலும் கலத்துக்கு வெளியே இருப்பது; அங்கே பிறபொருளெதிரியே (குருதியில் சுற்றும் எதிர்ப்புப் புரதம்) முக்கியம். இந்த இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள்.

அப்புறம் தொழுநோய். மாந்தீவு வைத்தியசாலையின் பெயரைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது தூரத்து நோயல்ல. ரி கலத்தின் எதிர்ப்பு குன்றிய லெப்ரோமட்டஸ் வகையின் வழுக்கியை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், நுரைத்த மக்ரோபேஜ்களுக்குள் செந்நிறக் கோல்கள் கட்டுக்கட்டாக அடைந்து கிடக்கும். அந்த நோயாளியின் குருதியில் பிறபொருளெதிரி ஏராளம், ஆனால் அது உள்ளே எட்டாது. டியூபர்குலொயிட் வகையில் ரி கலம் வலுவாக இருப்பதால் கிருமியைக் காண்பதே அரிது. கட்டுரை வினாவில் இந்த ஒப்பீட்டை எழுதாமல் விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. குறிப்புகளில் பாதி எலி ஆய்விலிருந்து வந்தவை. நைத்திரிக் ஒட்சைட்டு எலி மக்ரோபேஜில் பெரிய ஆயுதம். மனிதரில் அதன் பங்கு இன்னும் விவாதத்தில் உள்ளது. மனிதக் கலத்தில் விற்றமின் டி வழியாக கத்தெலிசிடின் என்ற கிருமிகொல்லிப் புரதம் உருவாகிக் காசக் கிருமியைத் தாக்கும். கொல்லி ரி கலங்கள் விடும் கிரானுலைசின் என்ற கிருமிகொல்லிப் புரதத்துக்குரிய மரபணு எலிக்கே இல்லை. வினாவில் ‘மனித’ என்ற சொல் இருந்தால் இந்த இரண்டையும் முதலில் எழுதுங்கள், நைத்திரிக் ஒட்சைட்டைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.