அம்மாவின் பிரஷரை இறக்கிய நாலு பேர்

அம்மாவுக்கு 68 வயது. மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். பிரஷர் மாத்திரை சாப்பிட ஆரம்பித்துப் பல வருடம் ஆகிறது. ஆனால் 170/100-க்குக் கீழே இறங்கியதே அபூர்வம். டவுனில் பார்த்த டாக்டர் அம்லோடிபின் என்ற அந்த மாத்திரையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கினார். கணுக்கால் இரண்டும் வீங்கிவிட்டன. அந்த மாத்திரையின் அளவு கூடும்போது இப்படி வீங்குவது தெரிந்த பக்க விளைவுதான், ஆனால் அதை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. கிட்னிதான் போய்விட்டது என்று பயந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட ஆரம்பித்தார். சென்னையில் இருக்கும் என்னிடம் போனில் கேட்டால், "போட்டுட்டேன்டா" என்பதுதான் பதில்.

இதைக் கண்டுபிடித்தவர் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. சுய உதவிக் குழுவில் இருக்கும் உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாக வந்து பிரஷர், சுகர் பார்ப்பார்கள். மாதாந்திர மாத்திரையையும் கொண்டுவந்து தருவார்கள். எங்கள் வீட்டுக்கு வருபவர் அடுத்த தெருக்காரர், அம்மாவை அத்தை என்றுதான் கூப்பிடுவார். "பழைய அட்டையை எடுங்கத்தை, பார்ப்போம்" என்றிருக்கிறார். பாதி மாத்திரை அப்படியே இருந்தது. பக்கத்தில் இன்னொரு கவரும் இருந்தது: மூட்டு வலிக்கு மெடிக்கலில் சொல்லி வாங்கிய டைக்ளோஃபினாக். அம்மா அதை மருந்துக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. "அது வலி மாத்திரைதானே!"

அடுத்த வாரம் நானும் ஊருக்குப் போய், இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். அங்கே நர்ஸ் உடனே பிரஷர் பார்க்கவில்லை. ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார வைத்தார். பாதம் தரையில், கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில், பேச்சு கூடாது. அம்மாவைப் பேசாமல் வைத்திருந்ததே சாதனை. இரண்டு முறை பார்த்தும் 160-க்கு மேல்தான்.

டாக்டர் கவரைப் பார்த்ததும், "இதுதான் ஆள்" என்றார். இந்த வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் குறைக்கும், கிட்னிக்கும் கெடுதல். அதை நிறுத்தினார். கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தத்தில் கிரியாட்டினின், அப்புறம் சிறுநீர்ப் பரிசோதனை. கிட்னி நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு அம்லோடிபினை 5-க்கு இறக்கி, டெல்மிசார்ட்டான் 40 என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையைச் சேர்த்தார். கால் வீக்கம் மெல்ல வடிந்தது.

சரி, மூட்டு வலி? வலி தீராவிட்டால் அம்மா மறுபடியும் மெடிக்கலுக்குத்தான் போவார். அதே திட்டத்தின் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வந்தார். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்திப் பிடிக்கும் பயிற்சி, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டும் பயிற்சி. பொறுக்க முடியாத அன்றைக்கு மட்டும் பாராசிட்டமால். வலி முழுசாகப் போகவில்லை. மாடிப்படி இன்னும் கஷ்டம்தான். ஆனால் அந்தக் கவர் வீட்டில் இல்லை.

உப்பு விஷயத்தில் மட்டும் இழுபறி. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குள் என்றார் நர்ஸ். "நான் கம்மியாத்தான் போடுறேன்" என்று அம்மா சாதித்தார். குழம்பில் கம்மிதான். பழைய சோற்றுக்கு நார்த்தங்காயும் மோர் மிளகாயும் எவ்வளவு போகிறது என்பது தன்னார்வலருக்குத்தான் தெரியும். அவர் பேச்சில் மோர் மிளகாய் நின்றது. நார்த்தங்காய் ஜாடி இன்னும் அடுப்படியில்தான் இருக்கிறது.

இப்போது பெரும்பாலும் 136/84 பக்கத்தில் நிற்கிறது. டாக்டர் வைத்த இலக்கு 140/90-க்குக் கீழே. ஒரு குறை உண்டு. காய்ச்சல் என்று தனியார் கிளினிக்குக்குப் போனால், இங்கே என்ன நடக்கிறது என்று அங்கே தெரியாது. அதனால் மாத்திரைப் பெயர்களையும் "டைக்ளோஃபினாக் வேண்டாம்" என்பதையும் அம்மாவின் பிரஷர் நோட்டில் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். எங்கே போனாலும் ஊசிக்கு முன்னால் அதைத்தான் நீட்டுகிறார்.