தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாங்க

எங்கள் லேபுக்கு வரப்போகும் வயதான பெண்களிடம் முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிடுவேன்: "பாட்டி, நாளைக்குத் தலைக்குக் குளிச்சிட்டு வாங்க. எண்ணெய் மட்டும் வைக்காதீங்க." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. "வெறுந்தலையோட எப்படிம்மா வெளிய வர்றது?" என்று கேட்ட பாட்டி ஒருவர் உண்டு. நியாயமான கேள்வி.

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் நரம்பு உளவியல் ஆய்வுக்கூடத்தில் 6 வருடமாக உதவியாளராக இருக்கிறேன். வயதானவர்களின் ஞாபகசக்தியைப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. பாதி நேரம் இஇஜி பதிவு, அதாவது தலையில் மின்முனைகளை வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவது. மீதி நேரம் கேள்வி பதில். மூளையின் மின்னழுத்தம் மண்டைத்தோலுக்கு வந்து சேரும்போது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான் மிஞ்சும். நடுவில் தேங்காய் எண்ணெய் இருந்தால் அதுவும் சரியாகக் கிடைக்காது.

அந்தப் பதிவை எடுப்பவர் ஒரு மலாய்க்கார அக்கா. எல்லோரும் 'காக்' என்றுதான் கூப்பிடுவோம். மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை டேப் வைத்து அளப்பார். பொட்டு இடத்துக்குச் சற்று மேலே ஒரு மின்முனை வரும். அதனால் பொட்டை எடுத்து, ஒரு சின்னத் தாளில் ஒட்டிப் பத்திரமாக வைப்பார். முடிந்ததும் கண்ணாடியோடு திருப்பிக் கொடுப்பார். தொப்பியை மாட்டி, 32 துளைகளிலும் மொட்டை ஊசியால் உப்புப் பசையை விட்டு, முடியை மெல்ல விலக்கித் தோலைத் தொடவைப்பார். திரையில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாற வேண்டும். எங்கள் கணக்குக்கு மின்தடை 5 கிலோஓமுக்குக் கீழே இறங்க வேண்டும். இதற்கே முக்கால் மணி நேரம் ஆகும்.

அறைக்குள் ஏர்கான் எப்போதும் ஜில்லென்று ஓடும். வேர்த்தால் கோடுகள் அலைபாயும். அதனால் காக் ஒரு கம்பளி வைத்திருக்கிறார். "குளிருதா?", "கண்ணை மூடுங்க", "இன்னும் கொஞ்ச நேரம்" ஆகிய மூன்றும் அவர் கற்றுக்கொண்ட தமிழ். கண்ணை மூடியதும் பின்மண்டைக் கோடுகளில் நொடிக்கு 8 முதல் 13 வரை ஒழுங்கான அலைகள் எழும். ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையிலிருந்து முதன்முதலாகப் பதிவெடுத்து, 1929இல் வெளியிட்டார். அவர் கண்ட அதே ஆல்பா அலைதான். ஆனால் பயந்து உடம்பை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் அது சரியாக வராது. தாடை இறுகினால் திரை முழுக்கத் தசையின் இரைச்சல்தான். காக் தோளில் கை வைத்து ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார். கோடு தெளிந்துவிடும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முடிந்ததும் பசையைக் கழுவ வேண்டும். முடிதிருத்தகத்தில் இருப்பதைப்போல் ஒரு தொட்டி இருக்கிறது. வெந்நீர் விட்டு அலசித் துவட்டி, சிக்கெடுத்துப் பின்னியும் விடுவார். மேசை இழுப்பறையில் ஒரு சின்ன பாட்டில் தேங்காய் எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறார். அது அவர் சொந்தக் காசு.

அப்புறம் என் முறை. கேள்வித்தாள். 1975இல் அமெரிக்காவில் வெளிவந்த, 30 மதிப்பெண்ணுக்கான மனநிலைச் சோதனையில் 'இது என்ன பருவம்?' என்று ஒரு கேள்வி உண்டு. அவர்களுக்கு நான்கு பருவம். நமக்கு வெயிலும் மழையும்தான். ஒரு ஜூலை மாதம் ரவாங்கிலிருந்து வந்த தாத்தா யோசிக்காமல், "டுரியான் காலம்மா" என்றார். எதிரே இருந்த தாளில் அதற்கு இடமில்லை. பேராசிரியையிடம் போய், இது சரியான பதில்தான் என்று வாதாடினேன். மதிப்பெண் கொடுத்தோம்.

எழுத்தைச் சொல்லி, அதில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் அடுக்கச் சொல்லும் சோதனை இன்னும் சிக்கல். ஆங்கிலத்தில் எஃப், ஏ, எஸ். தமிழில் 'ப' என்றால் 'பாய்' சேருமா, 'பூ' சேருமா? காதுக்கு எல்லாம் ஒரே ஒலியில்தான் தொடங்குகிறது. எழுதினால் வேறு வேறு எழுத்து. பள்ளிக்கூடமே போகாதவரிடம் இதைக் கேட்பதே தப்பு. அவர்களிடம் மிருகங்களின் பெயர்களைச் சொல்லச் சொல்வோம்.

என்னை இன்றைக்கும் உறுத்தும் சம்பவம் அதில்தான் நடந்தது. சின்ன வயதிலிருந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவர் வந்திருந்தார். "ஆடு, மாடு, காட்டுப்பன்னி, உடும்பு, கீரி, அலுங்கு, முள்ளம்பன்னி..." என்று சொல்லிக்கொண்டே போனார். நான் பிறந்து வளர்ந்தது செந்தூலில், அடுக்குமாடியில். 'அலுங்கு' எனக்குத் தெரியவில்லை. இல்லாத சொல்லை உருவாக்கிச் சொல்வது மூளை பாதிப்பின் ஓர் அறிகுறி. அதனால் சுழித்துவிட்டு, ஓரத்தில் 'புதுச்சொல்' என்று எழுதினேன். ஒரு மதிப்பெண் போனது மட்டுமல்ல. அவருடைய கோப்பில் ஒரு சந்தேகமும் ஏறியது.

ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் கேட்டேன். "அலுங்கு தெரியாதா? உடம்பெல்லாம் செதில் இருக்கும், தொட்டா உருண்டுக்கும். லயத்துக்குப் பின்னாடி வருமே." மலாயில் தெங்கிலிங். மறுநாள் காலை முதல் வேலையாக அந்தக் குறிப்பைத் திருத்தி, கையெழுத்துப் போட்டேன். நல்லவேளையாக அறிக்கை எதுவும் போயிருக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய 5 வருடங்களில் எத்தனை அலுங்குகளைச் சுழித்திருப்பேன்? பழைய ஒலிப்பதிவுகளை இப்போது சனிக்கிழமைகளில் ஒவ்வொன்றாகக் கேட்டு வருகிறேன். கேட்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

லேபில் மற்றவர்களும் நல்ல உழைப்பாளிகள். ஈப்போவிலிருந்து வந்த முனைவர் பட்ட மாணவன் ராத்திரி முழுக்கக் கண் சிமிட்டல்களைப் பதிவிலிருந்து பிரித்தெடுத்துக்கொண்டிருப்பான். பேராசிரியை கேள்வி கேட்டால் காது கொடுத்துக் கேட்பவர். குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கடைசிக் கட்டுரையில் ஐந்து பேர் பெயர் வந்தது. என் பெயர் நான்காவது. காக் பெயர் கடைசிப் பக்கத்தில், 'தொழில்நுட்ப உதவிக்கு நன்றி' என்ற வரியில். அந்த வரியை அவரிடம் படித்துக் காட்டினேன். "ஓக்கே லா," என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்குப் பசை நிரப்பப் போய்விட்டார். அடுத்த கட்டுரையின் வரைவு இப்போது என் மேசையில் இருக்கிறது. பெயர்ப் பட்டியலில் காக் பெயரைச் சேர்த்து, ஏன் என்று ஒரு பக்கம் எழுதிப் பேராசிரியைக்கு அனுப்பியிருக்கிறேன். திங்கட்கிழமை பேசுவோம் என்றிருக்கிறார்.