கருங்கல் கோயிலும் சுராங்கனியும்

கொழும்பில் கோயில் பார்க்கக் கிளம்புகிறவர்கள் கொச்சிக்கடையில் தொடங்குவது நல்லது. கங்காராம விகாரைக்கு அப்புறம் போகலாம். சுற்றுலா பஸ் எப்படியும் அங்கே கொண்டுபோய் இறக்கிவிடும்.

கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை 1857இல் கட்டியவர் பொன்னம்பல முதலியார். அவருடைய மகன் சர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை அதை முழுக்கக் கருங்கல்லில் திரும்பக் கட்டினார். வெளியே துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் ஹாரன் ஓயாது. உள்ளே நாலு அடி வைத்தால் எல்லாம் அடங்கி, எண்ணெய்ப் புகையில் கறுத்த தூண்களும் குளிர்ந்த தரையும்தான். கோபுரத்து வண்ணங்களுக்குப் பழகிய கண்ணுக்குப் பெயின்ட் படாத இந்தக் கல் ஒரு நிம்மதி. வாசலில் ஒரு பெரியவர், "தம்பி, சேட்டைக் கழட்டிப்போட்டு வாங்கோ" என்றார். சட்டையைக் கழற்றினேன்.

பூசை முடிந்ததும் கூட்டம் கலையவில்லை. பஞ்சபுராணம் பாட வேண்டுமே! தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாட்டு. மைக் இல்லை. கண்ணாடி போட்ட ஓர் அம்மா கையைக் கட்டிக்கொண்டு பாடினார். ஒரு வரிகூடத் தடுமாறவில்லை. சைவத் திருமுறை பிறந்த தமிழ்நாட்டில் எத்தனை கோயில்களில் பக்தர்கள் இப்படி நின்று பாடுகிறார்கள்? எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் புனித அந்தோனியார் தேவாலயம். செவ்வாய்க்கிழமைகளில் மத வித்தியாசம் இல்லாமல் மெழுகுவர்த்தி ஏற்ற வருவார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த இடங்களில் இதுவும் ஒன்று. அதைப் பற்றி அங்கே யாரிடமும் நான் பேச்சுக் கொடுக்கவில்லை.

மதியம் தேசிய அருங்காட்சியகம். 1877இல் தொடங்கியது. நான் போனது பொலன்னறுவைச் செப்புத் திருமேனிகளுக்காக மட்டும். சோழர்கள் 11ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையை ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்டார்கள். வானவன்மாதேவி ஈசுவரம் என்ற சிவன் கோயில் இன்றும் அங்கே நிற்கிறது. அந்த ஊரின் சிவாலய இடிபாடுகளில் கிடைத்த திருமேனிகள் இவை. இராமநாதனின் தம்பி சர் பொன்னம்பலம் அருணாசலம் இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். நடராசரின் தாண்டவத்தை உலகத்துக்கு விளக்கிச் சொன்ன ஆனந்த குமாரசுவாமியும் கொழும்பில் பிறந்து, இவற்றைப் பற்றி எழுதியவர்தான்.

காரைக்கால் அம்மையார் எலும்பும் தோலுமாக உட்கார்ந்து கையில் தாளம் வைத்திருக்கிறார். சுந்தரர் அழகான இளைஞர். மன்னார்ப் பக்கம் இருக்கும் திருக்கேதீச்சரத்தை அவர் இராமேசுவரத்தில் இருந்தபடியே பாடினார் என்பது மரபு. கடல் தாண்டாத சுந்தரருக்கு வெண்கலமாய் இங்கே வந்து நிற்க வாய்த்திருக்கிறது. ஆட நடராசர், தாளத்துக்கு அம்மையார், பாட சுந்தரர். ஒரு ராக் குழுவுக்கு இதற்கு மேல் யார் வேண்டும்?

ராக் என்றதும் இன்னொன்று. பிரிட்டனின் டுரான் டுரான் குழு 1982இல் இலங்கைக்கு வந்து வீடியோக்கள் எடுத்தது. 'சேவ் எ பிரேயர்' பாட்டுக்குச் சிகிரியாக் குன்றின் உச்சியிலும் பொலன்னறுவை இடிபாடுகளிலும் நின்றார்கள். தலைப்பில் பிரார்த்தனை இருந்தாலும் பாட்டு ஓர் இரவு உறவைப் பற்றியது. அதைப் புத்தர் சிலைகள் இருக்கும் ஊரில் போய் எடுக்க ஒரு துணிச்சல் வேண்டும், அல்லது ஒன்றும் தெரியாமல் இருக்க வேண்டும். 'ஹங்கிரி லைக் த வுல்ஃப்' வீடியோவில் மேசையைக் கவிழ்க்கும் காட்சி கொழும்புக் கோட்டைப் பகுதியின் பகோடா டீ ரூமில் எடுத்தது. வீடியோ பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது, ஆனால் இலங்கை அதில் வெறும் திரைச்சீலை.

இந்த ஊரின் சொந்தச் சரக்கு வேறு. போர்த்துக்கேயர் வழி வந்த பைலாத் தாளத்தில் தமிழை ஏற்றி, கிட்டாரும் கையுமாக நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய பொப் பாடல்கள். இலங்கை வானொலி அவற்றைக் கடல் தாண்டி எங்கள் வீடுகள் வரை கொண்டுவந்தது.

இரவுச் சாப்பாடு வெள்ளவத்தையில், நண்பனின் மாமா வீட்டில். இடியப்பம், சொதி, மீன் குழம்பு. பேச்சு 'சுராங்கனி' பாட்டுக்கு வந்தது. 1977இல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில்தான் அதை முதலில் கேட்டேன் என்றேன்.

"உங்கட ஆக்கள் எல்லாரும் அதைத்தான் சொல்லுவினம். அது எங்கட மனோகரன்ர பாட்டு, தம்பி!" என்று மாமா கரண்டியைக் கீழே வைத்தார்.

நான் பதில் சொல்வதற்குள் மாமி மேசையில் தட்டிப் பாட ஆரம்பித்துவிட்டார். சிங்கள வரிகள் உட்பட முழுப் பாட்டும் அவருக்கு மனப்பாடம்.